இடது பக்கம் குத்திய பதக்கங்கள்

25 ஏப்ரல் 1975, வெள்ளி

ஆன்சாக் தினம். மழை. போரில் போன சிப்பாய்களை நினைத்து நடக்கும் ஊர்வலம் முடிந்ததும் வழக்கம்போல ஓட்ஸ் பிஸ்கட் டப்பாவோடு மேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான், என் புருஷன் டெஸ், மகள் நெரிடா. இந்த நாள் மதியத்தில் ஊரில் பாதிப் பேர் மதுக்கடை முற்றத்தில் காசு சுண்டிப் பந்தயம் கட்டிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் மட்டும் பழைய சிப்பாய்கள் வார்டில், பார்க்க ஆளில்லாத மனிதர்களுக்குத் தேநீர் கலந்து கொடுத்துக்கொண்டிருப்போம். கல்யாணமான வருஷத்திலிருந்து எங்களுக்கு இதுதான் விடுமுறை. நெரிடாவுக்குப் பதினைந்து ஆகிவிட்டது. இப்போதெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வருகிறாள்.

ஆரம்பித்து வைத்தவர் மாமியார் வயலட். "இவங்கள்லாம் யாரோட அப்பனோ" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர் புருஷன் கிளிஃப் இரண்டாம் உலகப் போரில் நியூ கினிக் காட்டில் போனவர். டெஸ்ஸுக்கு அப்போது நாலு வயது. 'காணவில்லை, இறந்ததாகக் கருதப்படுகிறது' என்று தந்தி வந்ததாம். மாமியார் கடைசிவரை அப்படிக் கருதவே இல்லை. பின்னால் அரசாங்கம் அனுப்பிய நாலு பதக்கங்களை ஒரு தகரப் பெட்டியில் போட்டு மூடினார். டெஸ் சின்ன வயதில் ஒருதரம் எடுத்துக் குத்திக்கொள்ளப் பார்த்தானாம். "வைடா. அவர் வந்து போட்டுக்குவார்" என்று பிடுங்கிவிட்டாராம்.

பிப்ரவரியில் மாமியார் போய்விட்டார். பெட்டி எங்களிடம் வந்தது. இன்று காலை முழுக்க டெஸ் அவற்றைச் சட்டைப்பையில் போட்டுத் தடவிக்கொண்டே நின்றான், ஊர்வலத்தில் குத்திக்கொள்ளத் தைரியம் வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் மழைக்கு ஒதுங்கியபோதுதான் எடுத்து நீட்டினான். "குத்தி விடு, மெர்ல்."

குத்தினேன். இனிமேல்தான் விஷயம்.

உயிரோடு இருக்கிறவன் தன் பதக்கத்தை இடது மார்பில் குத்திக்கொள்வான். செத்தவனுடையதை அவன் பிள்ளை வலது மார்பில் குத்திக்கொள்வான். இந்த நாட்டில் பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்குக்கூட இது தெரியும். அதிலும் நான் தையல்காரி. நாள் முழுக்க எதிரே நிற்பவர்கள் உடம்பில் குண்டூசி குத்துகிறவள். என் வலது கை அவர்களுடைய இடது என்பது எனக்குத் தூக்கத்திலும் குழம்பாது. இன்று குழம்பிவிட்டது. இடது பக்கம் குத்திவிட்டு, கோட்டை நீவியும் விட்டேன்.

வார்டில் கோடிக் கட்டில் ஹோரஸ் பிளாண்டனுடையது. ஆறு வருஷமாகப் பேச்சில்லை, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியே கிடப்பார். வருஷா வருஷம் அவர் மேஜையில் ஒரு பிஸ்கட் வைப்போம், அடுத்த கட்டில் ஸ்னோவி அதை எடுத்துத் தின்பார். ஸ்னோவிக்கு ஒரு கால் இல்லை, தலையில் ஒரு முடி இல்லை, வாய் மட்டும் முழுசாக இருக்கிறது. "அவன் சுவரைக் கட்டிக்கிட்டவன், அந்தப் பொண்டாட்டி போதும் அவனுக்கு" என்பார்.

இன்று டெஸ் பிஸ்கட்டை வைக்கக் குனிந்தான். பதக்கங்கள் ஒன்றோடொன்று இடித்து மெல்லச் சத்தம் போட்டன. ஹோரஸ் திரும்பினார். முதலில் டெஸ்ஸின் மார்பைப் பார்த்தார். பிறகு முகத்தை.

"ரொம்ப நேரம் பண்ணிட்டியேடா, கிளிஃப்" என்றார்.

ஸ்னோவி வாயிலிருந்த பிஸ்கட்டை மெல்லவே மறந்துபோனார்.

"தண்ணி எங்கடா?"

'நான் கிளிஃப் இல்லை, அவர் மகன்' என்று டெஸ் சொல்லியிருக்கலாம். சொல்வான் என்றுதான் நானும் நின்றேன். அவன் கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான். "இந்தா" என்றான். அந்தக் குரல் வீட்டில் நான் கேட்காத குரல்.

திரும்பும்போது காரில் நெரிடா காதோரம் சொன்னாள்: "அம்மா, பதக்கம் தப்பான பக்கம் குத்தியிருக்கே."


27 ஏப்ரல், ஞாயிறு

டெஸ் தனியாகப் போனான். போகுமுன் கோட்டையும் பதக்கத்தையும் கொண்டுவந்து நின்றான். நான் வலது பக்கம் கொண்டுபோனேன். என் மணிக்கட்டைப் பிடித்து இடது பக்கம் வைத்தான்.

"டெஸ், அது—"

"தெரியும்."

குத்திவிட்டேன். வேறு என்ன செய்ய?


4 மே, ஞாயிறு

வந்ததும் வராததுமாக அடுப்படியிலேயே நின்று கொட்டுகிறான். அப்பா ஆட்டிறைச்சிக்கு ஜாம் தொட்டுச் சாப்பிடுவாராம். சீட்டாட்டத்தில் ஏமாற்றுவாராம், ஏமாற்றத் தெரியாமல் மாட்டிக்கொள்வாராம். காலுறை தைக்கத் தெரியாமல் ஹோரஸிடம் கொடுத்துத் தைத்துக்கொள்வாராம். அம்மா ஒரு நாளும் இதையெல்லாம் சொல்லவில்லை, மெர்ல், ஒன்றுகூடச் சொல்லவில்லை என்கிறான். கண்ணில் தண்ணீர். எனக்கும்தான்.

அந்த மனிதரிடம் உண்மையைச் சொன்னாயா என்று கேட்டேன். "சொன்னா வாயை மூடிக்குவார். இன்னும் கொஞ்சம் கேட்டுக்கிறேன்" என்றான். பாவம், போகட்டும். முப்பத்தேழு வயதில் ஒருவனுக்கு அப்பா கிடைக்கிறார். கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளட்டும்.


11 மே, ஞாயிறு

அன்னையர் தினம். எப்போதும் வெள்ளைச் செவ்வந்தி வாங்கி வருவான். இந்த வருஷம் வார்டுக்குப் போய்விட்டான். நெரிடா பக்கத்து வீட்டு வேலியில் திருடிக் கொண்டுவந்தாள். "அப்பாவுக்கு அங்க ஒரு ஆள் கெடச்சிட்டாரு. நாம ரெண்டு பேரும் இனிமே விருந்தாளிங்க" என்றாள். வாய்க்கு ஒன்று போட்டிருப்பேன். ஆனால் சொன்னது சரி.


14 மே, புதன்

டெஸ்ஸின் கோட்டு இடது மார்பில் மட்டும் ஈரமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மழையே இல்லை. இஸ்திரி போட்டேன், ஆவி எழும்பியது, காய்ந்தது. சாயங்காலம் தொட்டால் மறுபடி சொதசொதவென்று. உள்ளங்கை அகலத்துக்கு, பதக்கம் தொங்கும் இடத்தில். முகர்ந்து பார்த்தேன். மக்கிய இலை வாடை. எங்கள் அலமாரியில் நாப்தலின் உருண்டைதான் இருக்கிறது, இலை இல்லை.

உள்துணியைப் பிரித்தும் பார்த்துவிட்டேன். துணியில் ஒன்றுமில்லை.


17 மே, சனி

டெஸ் நொண்டுகிறான். இடது கால். சுளுக்கா என்றால் "என்ன நொண்டல்?" என்கிறான். பஸ் ஓட்டுகிறவனுக்கு அந்தக் காலால்தான் கிளட்சை மிதிக்க வேண்டும். தனக்கே தெரியவில்லையாம்.


20 மே, செவ்வாய்

மிஸஸ் லாவெல் பாவாடைக்கு அளவு கொடுக்க வந்தார். சுற்றி வளைத்துவிட்டு, "உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார்.

நேற்று அவர் டெஸ் ஓட்டிய பஸ்ஸில் வந்தாராம். ஆஸ்பத்திரி மேட்டின் அடிவாரத்தில், நிறுத்தமே இல்லாத இடத்தில், பஸ் நின்றதாம். டெஸ் கதவைத் திறந்தானாம். வெளியே மூடுபனி, ஒரு ஈ காக்கை இல்லை. இன்ஜின் ஓட, கதவு திறந்திருக்க, அவன் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். யாரோ சத்தம் போட்டதும் கதவைச் சாத்தி ஓட்டிவிட்டானாம். "மூணாவது தடவைன்னு பின்சீட்டுப் பையன் சொல்றான்" என்றார்.

ஊசி என் விரலில் ஏறிவிட்டது. பாவாடைதான் காரணம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

கேட்டேன் டெஸ்ஸிடம். "யாரோ கை காட்டின மாதிரி இருந்தது" என்றான். அவ்வளவுதான். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னான். அந்தக் கையைத் தொட்டால் ஐஸ்.


25 மே, ஞாயிறு

இன்று நானும் போனேன். விட மனசில்லாமல் நெரிடாவும் வந்தாள்.

வாசலில் சிஸ்டர் கட்பர்ட் பிடித்துக்கொண்டார். சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு. "நுரையீரல் போயிடுச்சு, ஏப்ரல் தாண்டாதுன்னு டாக்டர் சொன்னார். இப்ப பாருங்க, முட்டை கேட்டு வாங்கித் திங்கிறார். உங்க வீட்டுக்காரர் புண்ணியம்." ஹோரஸின் கன்னத்தில் உண்மையிலேயே சதை வைத்திருக்கிறது. நிறம் ஏறியிருக்கிறது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டெஸ்ஸைப் பார்த்தேன். தினமும் பார்க்கிற முகம். அதனால் தெரியவில்லை போலிருக்கிறது. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய்... இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

ஹோரஸ் பேசிக்கொண்டிருந்தார். குண்டு அவர் இடுப்பில் பட்டிருக்கிறது. கிளிஃபுக்கு இடது பாதத்தில். இடது பாதம்! டெஸ் நொண்ட ஆரம்பித்தது எப்போது, இதைக் கேட்டதற்கு முன்னாலா பின்னாலா? திரும்பும்போது கேட்டேன். கால் அடிபட்ட விஷயத்தை ஹோரஸ் இன்றுதான் முதல் தடவை சொன்னாராம். வார்டில் அவர் சொன்னது இது:

"நீ நொண்டிக்கிட்டே போன, ரெண்டு பாட்டிலையும் எடுத்துக்கிட்டு. ஓடை சத்தம் கேக்குதுன்னு சொன்ன. 'இங்கயே இருடா ஹோரி. நான் வர்ற வரைக்கும் எங்கயும் போயிடாத'ன்னு சொன்ன. நான் போகலைடா. வேற ஆளுங்க வந்து தூக்கிட்டுப் போனாங்க, ஆனா நான் போகலை. எத்தனை தடவை கூப்பிட்டாங்க தெரியுமா? இங்கயும் ரெண்டு மூணு தடவை வந்து கூப்பிட்டாங்க. வரமாட்டேன், கிளிஃப் வரணும்னு சொல்லிட்டேன்."

யார் கூப்பிட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்காதது நல்லது.

"அதான் வந்துட்டியே. எப்ப கிளம்பலாம்?"

டெஸ் சொன்னான்: "கொஞ்சம் இரு, ஹோரி. அடுத்த வாரம்."


26 மே, திங்கள்

சண்டை. நான்தான் ஆரம்பித்தேன்.

"அந்த மனுஷன் சாகணும் டெஸ். முப்பது வருஷமா சாகாம இருக்கார், உங்கப்பா சொன்ன ஒரு வார்த்தைக்காக. நீ கதை கேக்கறதுக்காக அவரை இழுத்துப் பிடிச்சு வச்சிருக்க."

"அவர் நல்லாத்தானே இருக்கார்?"

"அவர் நல்லா இருக்கார். நீ எங்க இருக்க? கண்ணாடியைப் பாரு!"

பார்க்கவில்லை. "நீ உங்கப்பாவோட தினமும் சாப்பிட்டு வளந்தவ. உனக்குப் புரியாது" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனான். சாத்தியதுகூட அவன் சாத்துகிற மாதிரி இல்லை.

இது என் கை செய்த தப்பு. நானா குத்தினேன் அன்றைக்கு, இடது பக்கம்? நான்தான். என் கைதான். ஆனால் கை எப்படி அந்தப் பக்கம் போயிற்று என்று எனக்கு ஞாபகமே இல்லையே.


1 ஜூன், ஞாயிறு

நாள் குறித்துவிட்டார்கள்.

டெஸ் சாதாரணமாகச் சொல்கிறான், சலூனுக்குப் போகிற மாதிரி. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளியது போதும் என்று ஹோரஸ் கோபித்துக்கொண்டாராம். "ராஜா பிறந்தநாளன்னிக்கு லீவுதானே, அன்னிக்குக் கிளம்பிடலாம், ரெண்டு பேரும். அந்தப் பக்கம் சொல்லி வச்சிட்டேன்" என்றாராம். ராஜா எப்போதோ போய் ராணி வந்துவிட்டதுகூட அவருக்குத் தெரியாது. ராணி பிறந்தநாள் விடுமுறை ஒன்பதாம் தேதி, திங்கள்.

"நீ என்ன சொன்ன?"

"சரின்னேன்."

"சரின்னா? எங்க போறதுக்குச் சரி, டெஸ்?"

அவனுக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன். அதுதான் எனக்குப் பயம்.


2 ஜூன், திங்கள்

இன்றும் அடிவாரத்தில் பஸ் நின்றதாம். கதவு திறந்ததாம்.


7 ஜூன், சனி

பின்கட்டுப் பெஞ்சில் இரண்டு தண்ணீர் பாட்டில்கள். ராணுவத்துப் பழைய பாட்டில்கள், கடையில் தேடி வாங்கியிருக்கிறான். கழுவி, நிரப்பி, மூடி இறுக்கி வைத்திருக்கிறான். பக்கத்தில் பாலிஷ் போட்ட பூட்ஸ்.

வேலைக்கு எடுத்துக்கொண்டு போகும் பையை, இனி வேண்டாம் என்பது போல, அலமாரிக்குள் வைத்துவிட்டான். சம்பளத்தை என் கையில் கொடுத்துவிட்டான். நெரிடாவின் சைக்கிள் சங்கிலியை மாற்றிவிட்டான். கூரையில் ஒழுகிய இடத்தை அடைத்துவிட்டான். மாசக்கணக்காகக் கெஞ்சியும் செய்யாத வேலை எல்லாம் ஒரே நாளில்.

நெரிடா என்னிடம் வந்து, "அம்மா, அப்பா என்னைக் கட்டிப் புடிச்சாரு. சும்மா. ஒண்ணும் இல்லாம" என்றாள். கிண்டலே இல்லை குரலில். குழந்தை பயந்துபோயிருக்கிறது.

போகாதே என்று சொன்னால் தனியாகப் போவான். போய்விடுவான். நாங்களும் கூடப் போகிறோம். அது மட்டும் தீர்மானம். அங்கே போய் என்ன செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை.


9 ஜூன், திங்கள்

விரலில் கட்டுப் போட்டிருக்கிறது. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

காலையில் பதக்கத்தோடு வந்து நின்றான். இடது பக்கம் குத்தினேன். ஈரத் துணியில் ஊசி சத்தமில்லாமல் இறங்கியது.

மேட்டில் ஒரே மூடுபனி. வார்டில் விடுமுறைக்காகக் கேக் வெட்டியிருந்தார்கள். ஸ்னோவி கேக்கை வாயில் அடைத்துக்கொண்டு, "ராணிக்கு என்ன வயசு ஆகுதாம்? என்னைக் கட்டிக்கச் சொல்லி எழுதிப் போட்டேன், பதிலையே காணோம்" என்று கத்தினார். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் கோடிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஹோரஸ் கட்டிலின் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஆறு வருஷமாகப் படுத்தே கிடந்த மனிதர். ராத்திரி உடுப்புக்கு மேலே கோட்டு, காலில் பூட்ஸ், கயிறு கட்டி. "நான் போட்டுவிடலை" என்றார் சிஸ்டர் கட்பர்ட், கேட்காமலே. அவர் முகம் வெளுத்திருந்தது.

"கொண்டுவந்தியா?"

டெஸ் இரண்டு பாட்டிலையும் காட்டினான்.

"அப்ப தூக்கு."

டெஸ் நொண்டிக்கொண்டு போனான். குனிந்து அவர் கையைத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டான். அவர் இடுப்பில் கை கொடுத்தான். இரண்டு பேருக்கும் ஒரே மூச்சு மாதிரி இருந்தது, ஏறினால் சேர்ந்து ஏறியது, இறங்கினால் சேர்ந்து இறங்கியது. அப்படியே மெல்ல மெல்ல மூச்சு இடைவெளி விட்டு விட்டு... அவன் உதடு நீலமாவதைப் பார்த்தேன். என் புருஷன், என் கண்ணெதிரே, ஒரு கட்டிலோரம் குனிந்தபடி போய்க்கொண்டிருந்தான். "அப்பா!" என்று நெரிடா வீறிட்டாள். அவன் திரும்பவில்லை. அது அவன் பெயர் இல்லை என்பது போல இருந்தான்.

எப்படி அங்கே போனேன் தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவே கையை விட்டு அந்த ஊசியைப் பிடுங்கினேன். விரலில் ஆழமாகக் குத்திவிட்டது. ரத்தத்தோடேயே நாலு பதக்கத்தையும் எடுத்து அவன் வலது மார்பில் குத்தினேன். அவசரத்தில் கோணலாக. என் தொழிலில் அப்படிக் கோணலாக ஒன்றையும் நான் குத்தியதில்லை.

"மிஸ்டர் பிளாண்டன், இங்க பாருங்க. எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க."

பார்த்தார்.

வார்டு முழுக்கப் பார்த்தது. அங்கே இருக்கிற ஒவ்வொருவருக்கும் அதன் அர்த்தம் தெரியும், சொல்ல வேண்டியதில்லை. ஸ்னோவி கரண்டியைக் கீழே வைத்தார்.

"இவர் கிளிஃப் இல்ல. கிளிஃபோட பையன். கிளிஃப் வரலை. அவரால வர முடியலை. ஓடைக்குப் போனவர் அங்கேயே போயிட்டார்."

எவ்வளவு நேரம் அந்த வலது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் ஹோரஸ்! அழுவாரோ அடிப்பாரோ என்று நின்றேன். கடைசியில் டெஸ்ஸின் கழுத்திலிருந்த தன் கையைத் தானே எடுத்துக்கொண்டார்.

"உன் பேர் என்ன?"

"டெஸ்மண்ட்" என்றான். அவன் குரல். அவனுடைய சொந்தக் குரல்.

"டெஸ்ஸி. ரொட்டி ஓரத்தை மட்டும் கடிச்சு வைக்கிற பயலா? உங்கப்பன் உன் படத்தைக் காட்டிக் காட்டி எங்க உயிரை வாங்குவான்."

டெஸ் தலையை ஆட்டினான். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. தடுக்கக்கூட முயலவில்லை.

"அவன் என்னை மறந்துட்டுப் போயிட்டான்னு நெனச்சேன். இத்தனை வருஷமா திட்டிக்கிட்டே கெடந்தேன், படுபாவி, படுபாவின்னு. ஆனா அவன் அங்க ஓடைக்கரையிலயே உக்காந்திருக்கான். நான் இங்க இருக்கேன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?" கொஞ்சம் இருமினார். "முட்டாப் பயலுங்க நாங்க ரெண்டு பேரும்."

ஒரு பாட்டிலை வாங்கித் திறந்து குடித்தார். இன்னொன்றைத் தலையணைப் பக்கம் வைக்கச் சொன்னார். "இது அவனுக்கு. நான் கொண்டுபோய்க் குடுத்துக்கறேன்."

டெஸ் மறுபடி கையை நீட்டினான், தூக்கப் போகிறவன் மாதிரி. ஹோரஸ் அந்தக் கையைத் தள்ளிவிட்டார்.

"வேணாம். நீ இரு, டெஸ்ஸி" என்றார். "இங்கேயே இரு."

பிறகு நாங்கள் யாரும் அங்கே இல்லாதது போலப் படுத்துக்கொண்டார். சுவர்ப் பக்கம் இல்லை, ஜன்னல் பக்கம்.


10 ஜூன், செவ்வாய்

காலையில் சிஸ்டர் கட்பர்ட் தொலைபேசியில் கூப்பிட்டார். விடிகிற நேரத்தில் ஹோரஸ் போய்விட்டாராம். தூக்கத்தில். பூட்ஸைக் கழற்ற விடவே இல்லையாம்.

"ஒண்ணு கேக்கணும் மிஸஸ் ரெடிங். அந்த ரெண்டாவது தண்ணி பாட்டிலை நீங்க திரும்ப எடுத்துட்டுப் போனீங்களா? எங்க தேடியும் இல்ல."

இல்லை என்றேன். யாராவது எடுத்திருப்பார்கள், ஸ்னோவியாக இருக்கும் என்றார். ஆமாம் என்றேன்.


15 ஜூன், ஞாயிறு

அடக்கம் முடிந்த பிறகும் டெஸ் என்னோடு பேசவில்லை. இன்றுதான் வாய் திறந்தான்.

"நான்தான் அவரை உயிரோட வச்சிருந்தேன், மெர்ல். ஹோரஸைச் சொல்லலை. அப்பாவை. அம்மா பெட்டிக்குள்ள வச்சிருந்தாங்க, நான் மார்பில வச்சிருந்தேன். நீ ஒரு நிமிஷத்துல எடுத்து அந்தப் பக்கம் குத்திட்ட."

மன்னிப்புக் கேட்கவில்லை நான். கேட்க முடியாது. மறுபடியும் அதே இடத்தில் நின்றாலும் அதையேதான் செய்வேன். "உன்னை உயிரோட வச்சுக்கணும்னு தோணிச்சு" என்றேன். அவன் எழுந்து தோட்டத்துக்குப் போனான். போகும்போது பார்த்தேன். நொண்டவில்லை.


22 ஜூன், ஞாயிறு

கோட்டு காய்ந்திருக்கிறது. இரண்டு நாளாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டேன். நாப்தலின் வாடைதான்.

மதியம் டெஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் நூல் கோக்கிறதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆட்டிறைச்சிக்கு ஜாம் இருக்கிறதா என்று கேட்டான். கருமம், கொடுத்தேன்.


14 செப்டம்பர், ஞாயிறு

மாமியாரின் கல்லறைக் கல்லில் கீழே இன்னொரு பெயர் வெட்டியாயிற்று. கிளிஃபோர்ட் ரெடிங். உடம்பு அங்கே இல்லை, பெயர் இருக்கிறது. டெஸ் தானே போய் எழுத்தைக் காட்டிச் செய்து வாங்கினான். 'காணவில்லை' என்று போடலாமா என்று கல்வெட்டுகிறவர் கேட்டாராம். வேண்டாம், சும்மா பெயர் போதும் என்றானாம்.


25 ஏப்ரல் 1976, ஞாயிறு

ஆன்சாக் தினம். மறுபடி மழை, மறுபடி ஓட்ஸ் பிஸ்கட். பதக்கத்தை இந்தத் தரம் நெரிடா குத்தினாள், வலது பக்கம். இரண்டு தரம் தொட்டுப் பார்த்துச் சரிசெய்தாள். டெஸ் அதோடு ஊர்வலத்தில் நடந்தான். யாரோ ஒரு கிழவர் தட்டிக் கொடுத்து "யாரோடது?" என்று கேட்க, "எங்கப்பாவோடது. இறந்துட்டார்" என்றான். அவன் வாயால் அந்த வார்த்தையை இன்றுதான் கேட்டேன்.

கோடிக் கட்டிலில் புதியவர் ஒருவர். வாயாடி. ஸ்னோவிக்குப் பிஸ்கட் கிடைப்பதில்லை, அதனால் ஒரே புலம்பல். "இவன் சுவரைக் கட்டிக்கலைங்க, என்னைக் கட்டிக்கிட்டான். ராவெல்லாம் பேச்சு" என்றார். சிரித்துக்கொண்டே திரும்பினோம்.

மேட்டிலிருந்து கார் இறங்கும்போது மூடுபனி சாலை வரைக்கும் வந்துவிட்டிருந்தது. அடிவாரத்தில் சாலையோரமாக இரண்டு பேர் நடந்து போனார்கள். ஒருவன் மற்றவன் தோளில் கை போட்டிருந்தான். அதில் ஒருவன் இடது காலை விந்தி விந்தி வைத்தான். இன்னொருவன் கையில் பாட்டில் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. மழையில் இப்படிப் போகிறார்களே என்றுதான் எனக்குத் தோன்றியது, வேறு ஒன்றுமே தோன்றவில்லை.

"ஏத்திக்கலாமா, டெஸ்?"

அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தான். நிறுத்தவில்லை.

"வேணாம். அவங்க போய்க்குவாங்க" என்றான்.

கிளட்சை மிதித்து கியரை மாற்றினான். அவர்களைத் தாண்டிப் போனோம்.

பின்சீட்டிலிருந்து நெரிடா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வெளியே பார்த்தாள். "யாரைம்மா ஏத்தணும்? யாருமே இல்லையே?"

மடியிலிருந்த என் கையை எடுத்து டெஸ் பிடித்துக்கொண்டான். கை சூடாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அவன் கோட்டை உதறி மாட்டினேன். தொட்டுப் பார்த்தேன். மழையில் நனைந்திருந்தது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி.